ஒரு மிஸ்டு காலுக்குப் பின்னால்

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் மிஸ்டு கால் அகராதியே இருந்தது. ஒரு ரிங் அடித்துக் கட் ஆனால் "பஸ் ஏறிவிட்டேன்". இரண்டு ரிங் என்றால் "பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வா". விடாமல் அடித்தால் மட்டும்தான் எடுக்க வேண்டும். தெரியாமல் முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டால் பெரியப்பாவிடம் திட்டு விழும்: "எதுக்குடா எடுத்தே, ஒரு ரூபா போச்சு!"

இந்தப் பழக்கம் நாடு முழுக்கச் செழித்ததற்கு ஒரு தேதி உண்டு. 2003 மே 1. அதற்கு முன் இந்தியாவில் செல்போனுக்கு வரும் அழைப்பை எடுத்தாலும், எடுத்தவருக்குப் பொதுவாகக் காசு போகும். கூப்பிட்டவரும் கட்ட வேண்டும், கூப்பிடப்பட்டவரும் கட்ட வேண்டும். அப்படி இருக்கும்போது மிஸ்டு கால் கொடுத்து "நீ கூப்பிடு" என்று சொல்வதில் என்ன லாபம்? அவர் கூப்பிட்டாலும் நமக்கும் செலவுதானே. அழைப்பவர் மட்டும் கட்டினால் போதும் என்ற விதி வந்த பிறகுதான், கையில் காசில்லாதவரும் ஒரு போனை வைத்துக்கொண்டு காத்திருக்க முடிந்தது. தச்சர், பிளம்பர், ஆட்டோ ஓட்டுநர் என எல்லோருடைய சட்டைப்பையிலும் போன் ஏறியதில் இந்த ஒரு விதிக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்த விதியை எழுதியது எந்தக் கம்பெனியும் இல்லை. டிராய் என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். வளரும் நாடு ஒன்றில், வேகமாக வளர்கிற ஒரு தொழிலை இப்படி ஓர் ஆணையம் எதற்காக, எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்பதுதான் விஷயம். பல நாடுகளில் இதே கதை வேறு வேறு பெயர்களில் நடந்திருக்கிறது. நமக்கு நன்றாகத் தெரிந்தது இந்தியக் கதை என்பதால் அதையே வைத்துப் பார்ப்போம்.

கொஞ்சம் பின்னால் போகலாம். 1994-இல் மத்திய அரசு ஒரு தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கையை வெளியிட்டது. அதில் அரசே ஒப்புக்கொண்ட கணக்கு இது: 100 பேருக்கு 0.8 தொலைபேசி. உலக சராசரி அப்போது 100 பேருக்கு 10. இணைப்பு கேட்டுக் காத்திருந்தவர்கள் 25 லட்சம் பேர். போன் கேட்டு விண்ணப்பித்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் எல்லாத் தெருவிலும் இருந்தன. அரசிடம் அவ்வளவு கேபிள் போடப் பணமில்லை, அதனால் தனியாரை உள்ளே விட்டார்கள். 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமை அழைத்ததுதான் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. அப்போது நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை ஆனது.

தனியார் வந்தாயிற்று, போட்டி வந்தால் விலை தானாகக் குறையுமே, நடுவில் ஆணையம் எதற்கு? நியாயமான கேள்வி.

சோப்பு விற்க வருகிறவர் பழைய சோப்புக் கம்பெனியிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. போன் வியாபாரம் அப்படி இல்லை. ஊரில் இருப்பது ஒரே பஸ் ஸ்டாண்ட், அதுவும் ஏற்கெனவே பஸ் ஓட்டிக்கொண்டிருக்கிற முதலாளிக்குச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் புத்தம் புது பஸ் வாங்கி, டிக்கெட் விலையைப் பாதியாக்கினாலும், உள்ளே நிறுத்த அவர் இடம் கொடுக்காவிட்டால் உங்கள் பஸ்ஸில் யார் ஏறுவார்கள்? புதுப் போன் கம்பெனியின் நிலைமை அதுதான். அதன் ஆயிரம் வாடிக்கையாளர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்வதற்காகச் சிம் வாங்கவில்லை. பழைய கம்பெனியின் கோடிப் பேரிடம் பேச வேண்டும். இரண்டு வலைப்பின்னல்களும் ஓர் இடத்தில் கைகோத்தால்தான் அது நடக்கும். கைகோக்க மறுப்பதே பழைய கம்பெனிக்கு லாபம். இந்தத் தொழிலில் போட்டியாளரின் தயவு இல்லாமல் போட்டியே தொடங்காது. நடுவர் தேவைப்படுவதற்கு எத்தனையோ காரணம் சொல்வார்கள். என்னைக் கேட்டால் இதுதான் தலையாயது.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவையைத் தொடங்கியபோது இதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். ஜியோவிலிருந்து மற்ற கம்பெனி எண்களுக்கு அடித்தால் பல நேரம் லைனே கிடைக்காது. இரண்டு வலைப்பின்னல்கள் சந்திக்கும் இடத்தில் எத்தனை அழைப்புகள் ஒரே நேரத்தில் கடந்து போகலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. போதுமான அளவுக்கு அந்த வாசலைத் திறந்துவிடவில்லை என்பது ஜியோவின் புகார். இலவசம் என்று சொல்லி ஒரே நாளில் வெள்ளத்தைத் திருப்பிவிட்டால் எந்த வாசல்தான் தாங்கும் என்பது ஏர்டெல், வோடஃபோன், ஐடியாவின் பதில். விதிப்படி 1,000 அழைப்பில் 5-க்கு மேல் அந்த வாசலில் சிக்கித் தோற்கக் கூடாது. அப்போதோ 100-க்கு 75-க்கும் மேல் தோற்றதாகச் சொல்லப்பட்டது. மூன்று கம்பெனிகளுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்கலாம் என்று அக்டோபர் மாதம் டிராய் பரிந்துரைத்தது.

"பரிந்துரைத்தது" என்ற சொல்லைக் கவனியுங்கள். அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஆறு பைசாவுக்கு நடந்த சண்டை

வாசல் திறந்தாயிற்று. அடுத்த கேள்வி சுங்கம். ஏ கம்பெனியின் வாடிக்கையாளர் பி கம்பெனியின் வாடிக்கையாளரைக் கூப்பிடுகிறார். காசு வாங்குவது ஏ. ஆனால் அழைப்பைக் கடைசியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பி-யின் டவர். அப்படியானால் அந்தக் காசில் ஒரு பங்கு பி-க்குப் போக வேண்டும். இதை இணைப்புக் கட்டணம் என்று சொல்லலாம். வருகிற அழைப்பை நமக்கு இலவசமாக்க முடிந்ததே இதனால்தான். எடுத்தவரிடம் வாங்கிய காசை இனி அழைத்தவரின் கம்பெனியிடம் வாங்கிக்கொள் என்று ஏற்பாடு மாறியது.

எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதிகமாக வைத்தால், கோடிக்கணக்கில் வாடிக்கையாளர் வைத்திருக்கும் பழைய கம்பெனிக்குக் கொண்டாட்டம். பெரும்பாலான அழைப்புகள் அங்கேதான் போய் முடியும், புதியவன் கப்பம் கட்டியே களைத்துவிடுவான். மிகக் குறைவாக வைத்தால், கிராமத்தில் டவர் போட்டு வருகிற அழைப்புகளை மட்டுமே சுமக்கும் கம்பெனிக்கு அந்த டவரை வைத்திருக்கவே கட்டுப்படியாகாது. 2004-இல் நிமிடத்துக்கு 30 பைசா, 2009-இல் 20, 2015-இல் 14, 2017 அக்டோபரில் 6 என்று டிராய் படிப்படியாக இறக்கியது. 2020 ஜனவரியில் சுழியமாகியிருக்க வேண்டியது. இன்னும் அழைப்புகள் ஒரு பக்கமாகவே போய்க்கொண்டிருக்கின்றன என்று சொல்லி ஓராண்டு தள்ளிப்போட்டு, 2021 ஜனவரி 1 முதல் சுழியமாக்கினார்கள்.

அந்தத் தள்ளிப்போடலுக்கு முந்தைய சில வாரங்களில் ஒரு வேடிக்கை நடந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கதை இது. ஒரு கம்பெனியிலிருந்து வெளியே போகும் அழைப்புகள் அதிகம் என்றால் அது நிமிடத்துக்கு 6 பைசா கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சரி, வெளியே போகிற அழைப்பு ரிங் அடிக்கும் நேரத்தையே குறைத்துவிட்டால்? அடுப்படியிலிருந்து ஓடிவந்து எடுப்பதற்குள் கட் ஆகிவிடும். யார் என்று பார்த்துவிட்டு அவர் திருப்பிக் கூப்பிடுவார். இப்போது அழைப்பு உள்ளே வருகிறது, 6 பைசாவும் உள்ளே வருகிறது! பெரியப்பா பத்து வருஷம் முன்பு ஒரு ரூபாயை மிச்சம் பிடிக்கச் செய்ததைக் கம்பெனிகள் கோடிக்கணக்கான அழைப்புகளில் செய்யத் தொடங்கின. 2019-இன் பிற்பகுதியில் ஜியோ ரிங் நேரத்தைக் குறைத்துவிட்டது என்று மற்றவர்கள் டிராயிடம் புகார் செய்தார்கள். பிறகு அவர்களும் 25 விநாடிக்கு இறங்கினார்கள். கடைசியில் நவம்பர் மாதம், செல்போன் என்றால் 30 விநாடி, லேண்ட்லைன் என்றால் 60 விநாடி ரிங் அடிக்க வேண்டும் என்று ஆணையமே உட்கார்ந்து விதி எழுத வேண்டியதாயிற்று.

ஒரு நாட்டின் ஆணையம் போன் மணி எத்தனை விநாடி அடிக்க வேண்டும் என்று தீர்மானிப்பதா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் கட்டணம் எங்கே இருக்கிறதோ அங்கே தந்திரமும் இருக்கும். ஒரு விலையை நிர்ணயித்தால் அதைச் சுற்றி வருகிற பத்து வழிகளையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுழியமானதும் இந்தச் சண்டையே போய்விட்டது என்பது வேறு கதை.

நடுவருக்கு எத்தனை பல்

டிராய் 1997-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது. அதுவரை தொலைத்தொடர்புத் துறையே ஆட்டக்காரர், மைதானத்தின் சொந்தக்காரர், நடுவர் என மூன்று வேஷமும் போட்டுக்கொண்டிருந்தது. தனியார் கம்பெனிகள் அந்தத் துறையோடுதான் போட்டி போட வேண்டும், புகாரையும் அதே துறையிடம்தான் கொடுக்க வேண்டும். எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆணையம் வந்தவுடன் எல்லாம் சரியாகிவிடவில்லை. "அழைப்பவர் மட்டும் கட்டினால் போதும்" என்ற விதியை டிராய் முதலில் கொண்டுவந்தது 1999-இல். அரசு நிறுவனமான எம்டிஎன்எல் நீதிமன்றம் போனது. 2000 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம், இப்படி ஒரு விதி போட டிராய்க்கு அதிகாரமே இல்லை என்று சொல்லி அதை ரத்து செய்தது. பிறந்து மூன்றே வருஷம் ஆன ஆணையத்துக்கு அது நல்ல அடி. அதே ஆண்டில் அரசு சட்டத்தைத் திருத்தியது. கம்பெனிகளுக்கு இடையிலான வழக்குகளை விசாரிக்கத் தனியாக ஒரு தீர்ப்பாயம் வந்தது. கட்டணம், இணைப்பு, சேவைத் தரம் ஆகியவற்றில் விதி எழுதும் வேலை ஆணையத்திடம் இருந்தது. உரிமம் கொடுப்பதும், அதை ரத்து செய்வதும், உரிம விதியை மீறினால் தண்டிப்பதும் அரசுத் துறையிடமே தங்கிவிட்டன. அவற்றில் ஆணையம் யோசனை சொல்லலாம், அவ்வளவுதான். 3,050 கோடி அபராதத்தை ஏன் பரிந்துரைக்க மட்டும் முடிந்தது என்பது இப்போது புரிந்திருக்கும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. பிஎஸ்என்எல் அரசுடையது என்பது தெரிந்ததே. வோடஃபோன் ஐடியா அரசுக்குக் கட்ட வேண்டிய வட்டிப் பாக்கி 2023-இல் பங்குகளாக மாற்றப்பட்டு, சுமார் 33 சதவீதம் அரசின் கைக்கு வந்தது. 2025-இல் இன்னும் ஒரு பகுதி பாக்கி மாற, அது சுமார் 49 சதவீதமானது. உரிமம் கொடுப்பவரே ஒரு கம்பெனியின் முழுச் சொந்தக்காரர், இன்னொன்றின் மிகப்பெரிய பங்குதாரர். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்தார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் ஆணையம் துறையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவு நல்லது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

காற்றுக்கு என்ன விலை

செல்போன் பேசுவது அலைக்கற்றையில். ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் ஒரே இடத்தில் இரண்டு கம்பெனிகள் பேசினால் இரண்டும் கெடும், அதனால் யாருக்கு எது என்று பிரித்துக் கொடுத்தே ஆக வேண்டும். இந்தியா இதில் எல்லாத் தவறுகளையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்திருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

1990-களின் நடுவில் உரிமத்தை ஏலம் விட்டார்கள். கம்பெனிகள் ஆசையில் எக்கச்சக்கமாகக் கேட்டுவிட்டு, பிறகு கட்ட முடியாமல் திணறின. 1999-இல் கொள்கையை மாற்றி, இனி மொத்தப் பணம் வேண்டாம், வருமானத்தில் ஒரு பங்கு கொடுங்கள் என்றது அரசு. செல்போன் உண்மையில் பரவத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஆனால் "வருமானம்" என்றால் எது? கம்பெனி வங்கியில் போட்ட பணத்துக்கு வரும் வட்டி, கட்டட வாடகை இதெல்லாம் சேருமா? இந்தக் கேள்வி வருஷக்கணக்கில் நீதிமன்றங்களில் அலைந்து, 2019 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் சேரும் என்றது. பழைய பாக்கி, வட்டி, அபராதம், அபராதத்துக்கு வட்டி என்று 90,000 கோடிக்கு மேல் போனது. 2021-இல் அரசு தொலைத்தொடர்பு அல்லாத வருமானத்தை இனிமேல் சேர்க்க மாட்டோம் என்றது. ஒரு சொல்லுக்கு முதலிலேயே தெளிவாக வரையறை எழுதாததற்கு இவ்வளவு விலை.

நடுவில் 2008. 2001-இல் நிர்ணயித்த அதே விலைக்கு, நாடு முழுவதற்கும் சுமார் 1,650 கோடிக்கு, முதலில் வருபவருக்கே முன்னுரிமை என்று சொல்லி உரிமத்தோடு சேர்த்து அலைக்கற்றையும் கொடுக்கப்பட்டது. 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் அந்த 122 உரிமங்களையும் ரத்து செய்தது. இது தொடர்பான 2ஜி குற்ற வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் விடுவித்தது. தமிழ்நாட்டில் இந்த விவகாரத்தைப் பற்றி எல்லோருக்கும் ஓர் உறுதியான கருத்து இருக்கும், அதற்குள் நான் போகவில்லை. விளக்கத்துக்கு வேண்டியது இவ்வளவுதான்: வரிசையில் முதலில் நிற்பவருக்குக் கொடுப்பது நேர்மையாகத் தோன்றினாலும், வரிசை எப்போது தொடங்கும் என்று முன்கூட்டித் தெரிந்தவருக்கே அது கிடைக்கும்.

அப்படியானால் ஏலம்தான் சரி என்று தோன்றும். பெரும்பாலும் சரிதான். ஆனால் ஏலத்தில் ஆரம்ப விலையை யாரோ எழுத வேண்டுமே! 2016-இல் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை முதன்முதலாக ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். சுவரைத் துளைத்து உள்ளே போகும், தூரமும் போகும் அருமையான அலைவரிசை. குறைந்த டவர்களை வைத்துக் கிராமப்புறத்தை நிரப்பலாம். ஆரம்ப விலை நாடு முழுவதற்கும் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி. ஒருவர்கூடக் கேட்கவில்லை. 2021-இல் விலையைக் குறைத்தும் யாரும் கேட்கவில்லை. 2022-இல் 3,927 கோடிக்கு இறக்கிய பிறகுதான் ஜியோ வாங்கியது. சந்தையில் காலையில் 100 ரூபாய் சொன்ன கீரைக்கட்டை சாயங்காலம் பத்து ரூபாய்க்குக் கொடுப்பதுபோல என்று சொல்லலாம்தான். ஆனால் கீரையாவது வாடும். அலைவரிசை வாடாது, ஆறு வருஷம் யாருக்கும் பயன்படாமல் சும்மா கிடந்தது. அந்த ஆறு வருஷமும் அடுத்த ஊர் மேட்டில் ஏறி நின்று சிக்னல் தேடியவர்களின் நேரம் எந்தத் தணிக்கை அறிக்கையிலும் வராது.

கிராமங்களுக்கென்று ஒரு நிதியும் உண்டு. கம்பெனிகளின் வருமானத்தில் 5 சதவீதம் அதற்குப் போகிறது, இப்போது அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. லாபம் வராத ஊர்களில் டவர் போடவும் கேபிள் இழுக்கவும் அந்தப் பணம். வசூலான வேகத்தில் செலவாகவில்லை என்பது அதன் மேலுள்ள நீண்டகாலக் குறை.

28 நாள் மாதம்

நாம் நேரடியாகத் தொட்டுப் பார்க்கிற விதிகள் வேறு. எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றலாம் என்பது 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்தது. சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டி மற்றவற்றுக்குக் காசு வாங்கக் கூடாது என்பது 2016 பிப்ரவரியில் வந்தது. ஃபேஸ்புக்கின் இலவச இணையத் திட்டம் அதோடு இங்கே முடிந்தது.

ஆனால் ரீசார்ஜ் விலையில் மட்டும் டிராய் பெரும்பாலும் கை வைப்பதில்லை. கம்பெனிகள் போட்டி போட்டுத் தாங்களே வைத்துக்கொள்ளட்டும், வைத்த விலையை எங்களிடம் தெரிவித்தால் போதும் என்பது இருபது ஆண்டுக்கும் மேலான வழக்கம். பத்துக் கம்பெனிகளுக்கு மேல் இருந்தபோது இது அற்புதமாக வேலை செய்தது. விநாடிக்கு ஒரு பைசா என்ற காலம் நினைவிருக்கிறதா? இன்று தனியாரில் மூன்றுதான் மிச்சம். ஒன்று விலையை ஏற்றினால் சில நாட்களில் மற்றவையும் ஏற்றுகின்றன. போட்டி இருக்கிறது என்ற நம்பிக்கையில் வைத்த வழக்கம் போட்டி மெலிந்த பிறகும் அப்படியே தொடர வேண்டுமா என்பதை ஆணையம் இன்னும் தீவிரமாக யோசிக்கவில்லை என்பது என் எண்ணம்.

விலையைத் தொடாமல் ஓரத்தில் திருத்துகிறது. மாத ரீசார்ஜ் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது 28 நாள்தான். வருஷத்துக்குப் 12 முறை என்று நினைத்தால் 13 முறை கட்டியிருப்போம், 28-ஐ 13-ஆல் பெருக்கினால் 364. 2022 ஜனவரியில் டிராய், 30 நாள் செல்லுபடியாகும் திட்டம் ஒன்றாவது எல்லாக் கம்பெனியும் வைத்திருக்க வேண்டும் என்றது. 28 நாள் திட்டங்களை நிறுத்தச் சொல்லவில்லை. இன்றும் கடைக்காரர் முதலில் சொல்வது அதைத்தான்.

2024 டிசம்பரில் இன்னொன்று. என் அம்மா வைத்திருப்பது பட்டன் போன். இணையமே கிடையாது. இருந்தாலும் எண்ணை உயிரோடு வைத்திருக்க டேட்டாவோடு சேர்த்துத்தான் ரீசார்ஜ் செய்து வந்தோம். தினமும் ஒன்றரை ஜிபி அந்தப் போனின் வாசலுக்கு வந்து திரும்பிப் போனது. பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டம் ஒன்றைக் கண்டிப்பாக வைக்க வேண்டும் என்று அப்போது டிராய் உத்தரவிட்டது. செல்லுபடிக் காலம் ஒரு வருஷம் வரை இருக்கலாம் என்றும் விதியைத் தளர்த்தியது. அடுத்த மாதமே கம்பெனிகள் 84 நாளுக்கும் 365 நாளுக்கும் அப்படித் திட்டங்களைக் கொண்டுவந்தன. என்ன விலை என்று மட்டும் உத்தரவில் இல்லை. கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் போனில் கொஞ்ச நேரம் துழாவிவிட்டு, "இன்னும் கொஞ்சம் போட்டா டேட்டாவோடயே வரும் சார், அதையே போட்டுடவா?" என்றார்.